கடலைப் பிண்ணாக்கும் லைசினும்: வளரும் பன்றியின் புரத ஆகாரம் பற்றிய ஒரு சரித்திர ஆராய்ச்சி

வளரும் பன்றிக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று தொடங்கிய கேள்வி, எந்தெந்த அமினோ அமிலம் எந்த விகிதத்தில் வேண்டும் என்ற கேள்வியாகச் சென்ற நூற்றாண்டில் பரிணமித்தது. அந்த வரலாறு மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானமாயிருந்து, 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டமாக விளங்கும் புதுக்கோட்டைக்கும், அதன் ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையின் பிண்ணாக்கைப் புரதத்துக்கு நம்பும் வெண்பன்றி வளர்ப்போருக்கும் அது நேரான பிரயோஜனம் உடையது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. குறையின் இலக்கணம்

1906-இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஹாப்கின்ஸும் எடித் வில்காக்கும், மக்காச்சோளத்தின் ஸீன் என்னும் புரதத்தை மட்டும் பெற்ற சுண்டெலிகள், டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் சேர்க்கப்பட்டபோது கூடுதல் காலம் ஜீவித்திருந்ததைக் கண்டனர். 1914-இல் அமெரிக்காவின் ஆஸ்பார்னும் மெண்டலும், அதே ஸீனோடு டிரிப்டோஃபேன் சேர்ந்தால் எலியின் எடை குறையாமல் நிற்குமே தவிர, லைசினும் சேர்ந்தாலன்றி வளராது என்று நிரூபித்தனர். 1935-இல் வில்லியம் ரோஸ் திரியோனினைக் கண்டறிந்தபின் இன்றியமையாத அமினோ அமிலங்களின் பட்டியல் பூர்த்தியாயிற்று. பால் மறந்த பன்றிக்குட்டிக்கு உரிய பட்டியலை மெர்ட்ஸ், பீசன், ஜாக்சன் ஆகியோர் 1952-இல் வகுத்தனர். தானிய ஆகாரத்தில் வளரும் பன்றிக்கு முதற்குறை பெரும்பாலும் லைசினே. நூல் தீர்ந்தபின் கூடையில் எவ்வளவு பூ மிஞ்சினாலும் மாலை நீளாதது போல, லைசின் தீர்ந்த இடத்தில் தசை வளர்ச்சி நின்றுவிட, மிஞ்சிய அமினோ அமிலங்கள் சிதைந்து, அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் கழிகிறது.

2. நொதித்தல் தந்த மாற்றம்

குறையை அறிந்தும் அதனை மட்டும் நிரப்பும் மார்க்கம் நெடுங்காலம் எட்டாத விலையிலேயே இருந்தது. 1950-களின் நடுவில் ஜப்பானின் கியோவா ஹாக்கோ நிறுவனத்தில் கினோஷிட்டா குழுவினர் குளுட்டாமிக் அமிலத்தை உற்பத்தி செய்யும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, 1958-இல் அதன் மாற்றுருவால் நொதித்தல் வழியே லைசினையும் உண்டாக்கிய பிறகே, தீவனத்தில் லைசின் சேர்ப்பது படிப்படியாகச் சாத்தியமாயிற்று. ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயாப் பிண்ணாக்கை எடுத்துவிட்டு, 48.5 கிலோ மக்காச்சோளமும் 1.5 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடும் சேர்த்தால், லைசின் அளவு குன்றாமலே மொத்தப் புரதம் ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளி குறையும் என்பது பண்ணையாளர் கையில் தங்கிய கணக்காகும்.

3. இலட்சியப் புரதம்

லைசினை 100 என வைத்து மற்றவற்றை அதற்குரிய விகிதத்தில் அளக்கும் ‘இலட்சியப் புரத’க் கொள்கையைப் பிரிட்டிஷ் வேளாண்மை ஆராய்ச்சிக் கவுன்சில் 1981-இல் ஏற்றது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2012-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 25 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்கு ஆகாரத்தில் ஜீரணமாகும் லைசின் 0.98 சதவீதம் வேண்டும். அந்த லைசினை 100 எனக் கொண்டால், திரியோனின் சுமார் 60 பங்கும், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 56 பங்கும், டிரிப்டோஃபேன் 17 பங்கும் ஆகும். புரதம் ஒரு சதவீதப் புள்ளி குறையுந்தோறும் கழிவில் நைட்ரஜன் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவதால், எருவின் மிகுதியால் நீரும் காற்றும் மாசுபட்ட நெதர்லாந்து முதலிய தேசங்கள் இம்முறையை ஆவலோடு கைக்கொண்டன. மிகைப் புரதத்தைச் சிதைக்கையில் உடலில் உஷ்ணம் பெருகும். வியர்வையால் குளிர மாட்டாத பன்றிக்கு, புதுக்கோட்டையின் கோடையில் இது சிறு விஷயமன்று.

4. புதுக்கோட்டையின் பிண்ணாக்கு

கடலைப் பிண்ணாக்கில் புரதம் சுமார் 45 சதவீதம் உண்டு. ஆயினும் அப்புரதத்தில் லைசின் 3.5 சதவீதத்தை ஒட்டியே நிற்பதால், சோயாவோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கிறது. அக்குறையைப் பிண்ணாக்கைக் கூட்டியே தீர்க்க முயன்றால் செலவும் கழிவும் பெருகும். பூஞ்சை நஞ்சும் கூடவே ஏறும். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதன் பின்னரே அஃப்ளாடாக்ஸின் என்னும் அந்நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. அதற்குப் பன்றியும் விலக்கன்று. ஆதலின், பிண்ணாக்கைக் குறைத்து லைசினை நிறைப்பது இங்கே இரட்டை நன்மை.

குறை தீர்க்கும் பொருள்கள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோரத்து மீன் தூள் லைசினும் மெத்தியோனினும் ஒருங்கே உடையது. தேசிய பயறு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள வம்பனைச் சுற்றி விளையும் உளுந்தில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு; எள்ளுப் பிண்ணாக்கின் இயல்பு இதற்கு நேர்மாறு. தவிடும் குருணையும் அடிப்படையாக நிற்க, இவற்றால் நிரம்பாத எஞ்சிய குறையை மட்டும் தூய லைசினால் நிரப்புவதே விவேகம். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ போல, யார்க்‌ஷயர் இரத்தம் 75 சதவீதம் கலந்த பன்றிகளுக்குத் தசை வளர்ச்சி மிகுதியாதலின் லைசின் தேவையும் அதிகம்.

முடிவுரை

இம்முறைக்கும் எல்லை உண்டு. நாலு சதவீதப் புள்ளிக்கு மேல் புரதத்தைக் குறைத்தால் வேலின், ஐசோலூசின் முதலியன அடுத்த குறைகளாகத் தலையெடுத்து வளர்ச்சி தடைப்படும், கொழுப்பும் மிகலாம். ஆகவே, இரண்டு புள்ளி அளவில் குறைத்தலைத் தொடங்கி, பிண்ணாக்கைச் சோதனைக்கு அனுப்பி, லைசினை எடைபோட்டு, முதலில் சிறிதளவு தவிட்டோடு கலந்து பிறகு முழுத் தீவனத்தில் பரப்புவது அவசியம். அளவைக் கூட்டுவதில் தேடிய பலனை விகிதத்தைச் சீராக்குவதில் காணலாம் என்பதே நூறாண்டு ஆராய்ச்சியின் சாரம். சிறு பண்ணையாளருக்கு அதனை எட்டச் செய்வது விரிவாக்கப் பணியாளரின் கடமை.