முறையிட்டவனுக்கு என்ன பாதுகாப்பு?



தோட்டங்களில் நம் முன்னோர் பட்ட துயரைப் பிள்ளைகளிடம் கூறும்போது கங்காணியையும் துரையையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அன்றும் சட்டம் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. சட்டம் இருந்தும் அது ஏன் உதவவில்லை என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைப் பார்வையிட்டுக் குறைகளைக் கேட்பது அவர் பணி. தொழிலாளர் இலாகாவும் இருந்தது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டது. ரப்பர் விலை சரிந்ததும், 1930இல், அதுவே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது.

முறையிட இடமிருந்தும் பலர் வாய் திறக்கவில்லை. லயத்து வீடு தோட்டத்தினுடையது. பிள்ளை படித்த பள்ளியும் தோட்டத்தினுடையது. வேலை போனால் கூரையும் போகும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் துணையாசிரியர் ஆர்.எச்.நாதன் அவர்களை வழிநடத்தினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு, குறை கூறுவோரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அவர்தம் கோரிக்கை. பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்று நம் நாட்டில் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர் பலர். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அவர்களுக்கும் உரியது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். தராவிடில் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமலும் விசாரணை நடைபெறும். பிறர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

ஆயினும் அவர்தம் வேலை அனுமதி ஒரே முதலாளியைச் சார்ந்தது. முறையிட்டால் வேலையோடு நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடுமோ என்னும் அச்சம் அவர்களை வாயடைக்கிறது. லயத்துக் கூரையின் இடத்தில் இன்று அனுமதிச் சீட்டு இருக்கிறது.

இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நமக்குத் தெரிந்த தொழிலாளி எவருக்கேனும் சம்பளம் நின்றால், சம்பளச் சீட்டையும் வேலை செய்த நாள்களின் குறிப்பையும் பத்திரப்படுத்தச் சொல்லி, இலாகா வரை உடன் செல்வோம். 1941இல் நம்மவர் கேட்ட பாதுகாப்பு, துணைக்கு ஒருவர் நிற்பதிலிருந்தே தொடங்குகிறது.