கிழமை என்னும் உரிமை

'கிழமை' என்னும் சொல்லுக்கு உரிமை என்பதே பழம்பொருள். இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமையை விளக்குமிடத்துத் தற்கிழமை, பிறிதின் கிழமை எனப் பகுத்துரைப்பதை நம்மில் பலர் பள்ளியில் பயின்றிருப்போம். கண்ணனது கை என்பது தற்கிழமை. கண்ணனது வீடு என்பது பிறிதின் கிழமை. அவ்வாறாயின் வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கு உரிமையான நாள். செவ்வாய்க்கிழமை என்பது செவ்வாய்க்கு உரிமையான நாள். நாளை ஒரு கோளுக்கும், கோளின் வழியே ஒரு தெய்வத்துக்கும் உரிமையாக்கும் இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரும் உரோமரும், ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த நார்ஸ் மக்களும் இதனை மேற்கொண்டிருந்தனர். இவ்வுரிமை எவ்வாறு தோன்றிற்று, எங்கே அழிந்தது, அழிந்த இடத்தில் இன்று எவ்வாறு மீட்கப்படுகிறது என்பனவற்றை அறிதல், தாயகம் விட்டுப் பெங்களூரில் வாழும் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

ஏழு நாளின் பிறப்பு

பஞ்சாங்கத்தில் ஓரை அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என அவ்வரிசை அமைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஓரை சூரியனுடையது. வரிசையாக எண்ணிக்கொண்டே சென்றால் இருபத்திரண்டாம் ஓரை மீண்டும் சூரியனுக்கு வரும்; இருபத்துமூன்று சுக்கிரனுக்கு; இருபத்துநான்கு புதனுக்கு. மறுநாளின் முதல் ஓரை சந்திரனுடையதாகிறது. ஆகவே அந்நாள் திங்கள். அதே கணக்கைத் தொடர்ந்தால் மூன்றாம் நாள் செவ்வாய்க்கு உரியதாகும். கிழமைகளின் வரிசை அமைந்த முறை இதுவே. மூன்றாம் நூற்றாண்டின் உரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ கிழமைகளுக்குத் தரும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

கிரேக்க அறிவு செழித்திருந்த எகிப்து நாட்டில் இக்கணக்குத் தோன்றியது என்பது அறிஞர் கருத்து. கி.பி. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரத்தின் சுவரொன்றில் ஏழு நாட்களின் தெய்வப் பெயர்களும் கீறப்பட்டிருக்கக் காண்கிறோம். கிரேக்கர் செவ்வாயை ஆரீஸ் என்னும் போர்க்கடவுளுக்கும், புதனைத் தூதுத் தெய்வமாகிய ஹெர்மீசுக்கும், வியாழனைத் தேவர் தலைவனாகிய சூசுக்கும், வெள்ளியைக் காதல் தெய்வமாகிய அப்ரோடைட்டிக்கும், சனியைக் குரோனோசுக்கும் உரிமையாக்கினர்.

தமிழகத்துக் கிழமை

பழந்தமிழர் கோள்களை நன்கறிந்திருந்தனர். பட்டினப்பாலை தன் தொடக்கத்திலேயே வெள்ளிக் கோளின் போக்கைப் பேசுகிறது. கபிலர் புறநானூற்றில் சனியை மைம்மீன் என்கிறார். எனினும் அவர்கள் நல்ல நாளை விண்மீனைக் கொண்டே சுட்டினர். கோள்களின் பெயரால் நாளைச் சுட்டும் முறை யவனத் தொடர்பின் பின் பாரத நாட்டில் பரவியது. 'ஹோரா' என்னும் கிரேக்கச் சொல் வடமொழி வழியே வந்து பஞ்சாங்கத்து ஓரையாயிற்று. சங்கப் பாடல்களில் மகளிர் விளையாட்டைக் குறிக்கும் ஓரை வேறு.

வட இந்தியாவில் ஏரண் என்னுமிடத்தில் உள்ள, குப்த மன்னர் புதகுப்தர் காலத்துத் தூண் கல்வெட்டு கி.பி. 484ஆம் ஆண்டினது. அதில் வியாழக்கிழமை குறிக்கப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அருளிய கோளறு பதிகத்தின் முதற் பாடலில் ஏழு கோள்களும் இன்று நாம் சொல்லும் வார வரிசையிலேயே வருகின்றன.

அப்பதிகம் தோன்றிய சூழ்நிலை எண்ணத்தக்கது. மறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும் வேளையில், நாளும் கோளும் நன்றாக இல்லை என்று நாவுக்கரசர் தடுத்தார் என்றும், அதற்கு விடையாகவே இப்பதிகம் பாடப்பட்டது என்றும் பெரியபுராணம் கூறும். அடியார்க்கு எல்லா நாளும் நல்ல நாளே என்பது பதிகத்தின் துணிபு. கோளுக்கு அஞ்சிய மனத்தை அது தெய்வத்திடம் அன்பு கொள்ளச் செய்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் தாய் சுக்கிரனுக்கு அஞ்சி ஏற்றுவதில்லை. அம்மனிடம் கொண்ட அன்பினால் ஏற்றுகிறாள். வெளியிலிருந்து வந்த கணக்கு நம் வழிபாட்டில் கலந்து நமதேயான வரலாறு இது.

வடபுலத்தில் பரவிய முறை

உரோமரிடமிருந்து இம்முறையைக் கற்ற செர்மானிய இனத்தார் தம் தெய்வங்களை அதனுள் அமைத்துக்கொண்டனர். போர்க்கடவுளின் நாள் தீர் என்னும் தெய்வத்துக்கு உரியதாயிற்று. அதுவே ஆங்கிலத்து டியூஸ்டே. புதன், ஓடினாகிய ஓடனின் நாள், அது வென்ஸ்டே. இடியோன் தோர் என்பவனது நாள் தர்ஸ்டே. ஃபிரிக் என்னும் தேவியின் நாள் ஃபிரைடே. பெங்களூரின் ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் வாரந்தோறும் நான்கு வடபுலத் தெய்வங்களின் பெயரைத் தம்மையறியாமலே சொல்லி வருகின்றனர்!

நார்ஸ் மக்கள் சனிக்கிழமையை மட்டும் 'குளியல் நாள்' என்றே அழைத்தனர். ஆத்திசூடியில் ஔவை சொன்னதைச் சனிக்கிழமை எண்ணெய் நீராட்டு எனக் கொண்டு வாழும் நமக்கு இது வியப்பளிக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது அன்று. எனினும் வேலை நாட்களின் முடிவில் உடல் நீராட்டை நாடுவது எங்கும் ஒன்றே போலும்.

பெயரழிந்த வரலாறு

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், 391, 392ஆம் ஆண்டுகளில், பேரரசர் தியோடோசியசு பிறப்பித்த ஆணைகள் பழைய கோயில் வழிபாட்டைத் தடை செய்தன. கோயில்கள் மூடப்பட்டன. ஆயினும் வீடுகளில் கிழமை வழிபாடு உடனே மறைந்துவிடவில்லை. ஆறாம் நூற்றாண்டில் தென் பிரான்சின் ஆர்ல் நகர ஆயராக இருந்த சிசேரியசு, வியாழக்கிழமைகளில் நெசவு வேலை செய்ய மறுக்கும் பெண்களைத் தம் சொற்பொழிவுகளில் கடிந்துரைத்தார். கோயிலும் குருக்களும் இல்லாதபோதும் ஒரு கடவுளின் நாள் மகளிரின் கைவேலையில் தங்கியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆகவே சமயத் தலைவர்கள் நாளின் பெயரிலேயே கை வைத்தனர். கிரேக்க மொழியில் கடவுளர் பெயர் நீங்கி, திங்கள் 'இரண்டாம் நாள்', செவ்வாய் 'மூன்றாம் நாள்', புதன் 'நான்காம் நாள்', வியாழன் 'ஐந்தாம் நாள்' என எண்களாயின. போர்த்துக்கீசியத்திலும் அவ்வாறே. ஐஸ்லாந்துத் தீவில் 1106 முதல் 1121 வரை ஹோலார் ஆயராக விளங்கிய யோன் என்பவர் பழைய தெய்வங்களின் கிழமைப் பெயர்களை விலக்கினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. இன்றும் அங்கே செவ்வாய் 'மூன்றாம் நாள்'. புதன் 'வார நடுநாள்'. வெள்ளி 'நோன்பு நாள்'.

நார்ஸ் கடவுளரின் கதைகளை எட்டா நூல்களாக எழுதிக் காத்தது இதே ஐஸ்லாந்துதான். நூலைக் காத்த நாடு நாளை இழந்தது. நூலை இழந்த இங்கிலாந்தோ நாளின் பெயரை மட்டும் காத்தது. ஆனால் அந்நாளில் விளக்கேற்றுவார் எவருமிலர். பொருளுண்டு, செயலில்லை என்பது ஒரு பக்கம். பெயருண்டு, பொருளில்லை என்பது மறுபக்கம். இரண்டிலும் வழிபாடு நின்றுபோயிற்று.

மீட்கும் முயற்சி

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. 1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்தில், உழவரும் கவிஞருமான ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்பவரும் தோழர் சிலரும் கூடிப் பழைய தெய்வங்களை வழிபட ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்நாட்டு மரபில் கோடையின் முதல் நாள். அது ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமையிலேயே வரும். மறு ஆண்டில், 1973இல், அரசு அச்சங்கத்தை ஒரு சமயமாக ஏற்றுக்கொண்டது. ஒரு கைப்பிடி மக்களோடு தொடங்கிய அதில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். கிரேக்க நாட்டில் 1997இல் பழஞ்சமயத்தார் ஒரு தலைமைக் குழு அமைத்தனர். 2017இல் அவர்கள் சமயத்துக்குச் சட்ட ஏற்புக் கிடைத்தது.

இவர்களைப் போன்றோர் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இடங்களில் வாழ்கின்றனர். பெரும்பாலோர்க்கு அருகில் கோயில் இல்லை, குருவும் இல்லை, பெற்றோர் வழிவந்த பழக்கமும் இல்லை. அவர்கள் பற்றிக்கொள்வது கிழமையைத்தான். வியாழன் மாலையில் தோருக்கு ஒரு கிண்ணம் பானம் வார்க்கின்றனர். புதன்கிழமை ஓடினை நினைக்கின்றனர். வெள்ளியன்று தேவியர் முன் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். கிரேக்கத் தெய்வங்களை வழிபடுவோர் அடுப்புத் தெய்வமாகிய ஹெஸ்டியாவை முதலில் வணங்கித் தொடங்குவர்.

கிரேக்க வழிபாட்டில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றுண்டு. கிழமை முறை பிறப்பதற்கு முன்னரே பழைய ஏதென்ஸ் நகரத்தார் பிறைக் கணக்கில் நாட்களைத் தெய்வங்களுக்கு வகுத்திருந்தனர். நான்காம் நாள் ஹெர்மீசுக்கும் அப்ரோடைட்டிக்கும். ஆறாம் நாள் ஆர்ட்டெமிசுக்கும். ஏழாம் நாள் அப்பொல்லோவுக்கும் உரியன. நிலவற்ற நாளில் ஹெக்கேட் என்னும் தேவிக்கு முச்சந்தியில் உணவு படைத்தனர். சதுர்த்தியைப் பிள்ளையாருக்கும், சஷ்டியை முருகனுக்கும், ஏகாதசியைத் திருமாலுக்கும் வைத்து, அமாவாசையில் முன்னோர்க்குப் படைக்கும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. இன்றைய வழிபாட்டாளர் பலர் அம்முறையையும் நூல்களிலிருந்து தேடியெடுத்துக் கைக்கொள்கின்றனர். நம் வீட்டுப் பாட்டி நாட்காட்டித் தாளைப் பார்த்தவுடன் சொல்வதை அவர்கள் நூலகத்தில் அமர்ந்து கற்க வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் நம் கிழமை

இனி நம் நிலைக்கு வருவோம். ஊர் விட்டு வந்தவன் குலதெய்வக் கோயிலைக் கொண்டுவர இயலாது. ஊர்த் திருவிழாவைக் கொண்டுவர இயலாது. கிழமையைக் கொண்டுவரலாம். அதற்குச் சுமைகூலி இல்லை. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய நம் முன்னோர் அதனைத்தான் கொண்டு வந்தனர்.

வந்த இடத்திலும் அது அயலாகவில்லை. கன்னடர் மாதக் கணக்குச் சந்திரனை ஒட்டியது. நமது மாதம் சூரியனை ஒட்டியது. அவர்கள் சிராவண மாதத்துச் சனிக்கிழமைகளில் வேங்கடவனை வழிபட, நாம் புரட்டாசிச் சனியை எதிர்நோக்குகிறோம். நமக்கு ஆடி வெள்ளியும் தை வெள்ளியும் சிறப்பு. அவர்களுக்கு வரமகாலட்சுமி நோன்பின் வெள்ளி சிறப்பு. மாதம் நம்மைப் பிரித்தாலும் வாரம் இணைத்துவிடுகிறது. வியாழனன்று இராகவேந்திரர் மடத்திலும், சனியன்று ஆஞ்சநேயர் கோயிலிலும் இரு மொழியாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பனசங்கரி அம்மன் கோயிலில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு நாட்களின் இராகு காலத்தில் எலுமிச்சை மூடியில் நெய்விளக்கேற்றும் பெண்களின் மொழியைப் பிரித்தறிவது கடினம். செவ்வாய் இராகு காலம் பிற்பகல் மூன்று முதல் நான்கரை வரை. வெள்ளி காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. இரண்டும் அலுவலக நேரம். ஆதலால் வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு ஞாயிறு மாலை நாலரை மணியே வாய்க்கிறது. காலத்துக்கேற்ப இடம் மாறியும் வழிபாடு நிற்கவில்லை.

எனினும் எல்லாம் இவ்வாறே நிலைத்துவிடும் என்று எண்ணலாகாது. நெல்லை, குமரிப் பகுதிப் பெண்கள் ஆடி, தை, மாசிச் செவ்வாய்க்கிழமைகளின் இரவில் நோற்கும் ஔவை நோன்பை எடுத்துக்கொள்வோம். ஆண் வாடையே இருத்தலாகாது, சிறுவனும் காணலாகாது. உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துப் படைத்து, கதை சொல்லி, விடியுமுன் மகளிரே உண்டு முடிப்பர். ஊரில் ஆடவரெல்லாம் வேறு வீட்டுக்குச் சென்றுவிடுவர். இங்கே இரண்டறை வீட்டில் அவர்களை எங்கே அனுப்புவது? கதை தெரிந்த மூதாட்டியும் உடனில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்யலாம் என்று சொல்லி, பின்னர் அதுவும் விடுபடுகிறது. வழிபாடு அழிவதற்குப் பேரரசர் ஆணை வேண்டியதில்லை, இடநெருக்கடியே போதும்.

ஐரோப்பிய வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான். வியாழனில் தறியைத் தொடாத பெண்கள் செயலைக் காத்தனர். அதன் பொருளைச் சொல்வார் இல்லாமையால் அது வெறும் விலக்காகிப் பின் மறைந்தது. ஐஸ்லாந்தார் பொருளை நூலில் காத்தனர். செயல் இன்மையால் அது கதையாகி நின்றது. இரண்டையும் மீண்டும் இணைக்க ஆயிரம் ஆண்டும் பேருழைப்பும் தேவைப்பட்டன. நம் கையில் இரண்டும் இன்னும் உள்ளன; ஆனால் இரண்டும் ஒரே கையில் இல்லை. செயல் தாயிடமும் பாட்டியிடமும் உளது. பொருளை ஆராயும் கல்வியோ பிள்ளைகளிடம் உளது.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும்போது பிள்ளையை உடன் நிறுத்தி, இந்நாள் ஏன் இப்பெயர் பெற்றது, நம் ஊரில் இந்நாளில் என்ன செய்தார்கள், இத்தெய்வம் யார் என்று தமிழில் இரண்டு சொல் சொல்லுங்கள். தெய்வ நம்பிக்கையற்ற வீட்டாரும் தம் குடும்ப வரலாறாக அதனைச் சொல்லலாம். பிள்ளை கேள்வி கேட்டால் சினவாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளையே நாளை அந்த விளக்கை ஏற்றும். வாரம் ஒரு நாள், கால் மணி நேரம், ஒரு திரி, ஒரு துளி எண்ணெய், சிறிது தமிழ், இவை போதும்.

கிழமை என்பது உரிமை. எடுத்தாளாத உரிமை காலப்போக்கில் அற்றுப்போகும் என்பது சட்டம் அறிந்தார் கூற்று. நம் நாட்களின் மீது நமக்குள்ள உரிமையை வாரந்தோறும் எடுத்தாள்வோமாக!