நெசவு நகரில் எழுந்த மேலாளர் பள்ளி

நான் வாழும் ஓரிக்கை, காஞ்சி மாநகரின் தென்புறத்தே பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. திருமழிசையாழ்வாரின் பொருட்டுத் திருமால் ஓரிரவு தங்கிய இடமாதலின், 'ஓரிரவு இருக்கை' என்பதே ஓரிக்கை ஆயிற்று என்று பெரியோர் கூறுவர். கோயில் மணியோசை எங்கள் பகுதிக்குப் புதிதன்று. ஆயினும் என் செவி மிகுதியும் பழகியது தறியின் ஓசைக்கே. பட்டு நெய்பவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். வணிகர் கொடுத்த பட்டின் எடை, ஜரிகையின் எடை, சேலை முடிய எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றை எல்லாம் ஏடு பாராமலே சொல்வார். அச்சேலை கடையில் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டால் மட்டும், "அது அவங்க கணக்குங்க" என்று சொல்லித் தறிக்குத் திரும்பிவிடுவார்.

நெய்பவர் கணக்கு ஒன்று, விற்பவர் கணக்கு ஒன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை எண்ணும் போதெல்லாம் என் மனம் மற்றொரு நெசவு நகரத்திற்குச் செல்லும். அது சபர்மதிக் கரையிலுள்ள அகமதாபாத். தொழில் நிர்வாகிகளுக்கென்று அங்கே ஒரு பள்ளி எழுந்து வளர்ந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அகமதாபாத்தில் முதல் பஞ்சாலையை 1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் ஓட்டினார். அதன் பின் புகைபோக்கிகள் பெருகின. 1918இல் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைக் காந்தியடிகள் முன்நின்று நடத்தியதை நீங்கள் அறிவீர்கள். அப்போது முதலாளிகளின் தரப்பில் நின்றவர் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் தரப்பில் நின்றவர் அவருடைய உடன்பிறந்த அனசூயா அம்மையார். ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள்! அந்த வீட்டில் அடுத்த ஆண்டு பிறந்த பிள்ளைதான் விக்ரம் சாராபாய்.

விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என்று நம் பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்கள். அவர் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய 1947ஆம் ஆண்டிலேயே ஆலைத் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சிச் சங்கமும் தோன்றியது என்பதைப் பலர் அறியார். 'அட்டிரா' என்பது அதன் சுருக்கப் பெயர். நூலின் வலிமையையும் பஞ்சின் தன்மையையும் அங்கே சோதித்தார்கள். அத்துடன் உளவியற் பிரிவு ஒன்றையும் வைத்து, அதைக் கமலா சௌத்ரி என்ற அம்மையாரிடம் ஒப்படைத்தார்கள். பஞ்சை ஆராய்ந்தால் மட்டும் போதாது, ஆலையில் வேலை செய்வோரையும் வேலை வாங்குவோரையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்கொண்டது. பின்னர் எழுந்த பள்ளிக்கு இதுவே விதை என்பது என் கருத்து.

அக்காலத்தில் நாடு ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்து, எஃகாலைகளையும் அணைகளையும் கட்டிக்கொண்டிருந்தது. பொறியாளர் கிடைத்தனர், நடத்துவோர்தாம் கிடைக்கவில்லை. ஜாம்ஷெட்பூரில் 1949இல் ஏசு சபையார் ஒரு கல்லூரி தொடங்கியிருந்தனர். ஐதராபாத்தில் 1956இல் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி அமைந்தது. நிஜாம் குடும்பத்து இளவரசர் வாழ்ந்த 'பெல்லா விஸ்டா' என்ற மாளிகையில், ஏற்கெனவே பதவியிலிருக்கும் அதிகாரிகள் சிறுசிறு குழுக்களாகக் கூடி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். இங்கிலாந்தில் ஹென்லி என்னும் ஊரில் நடந்த கல்லூரியே அதற்கு முன்மாதிரி. இவை போதா, தேசிய அளவில் கழகங்கள் வேண்டும் என்று கலிபோர்னியாவிலிருந்து வந்த பேராசிரியர் ராபின்ஸ் 1959இல் பரிந்துரைத்தார். அதன் விளைவாக 1961இல் கல்கத்தாவில் ஒன்றும் அகமதாபாத்தில் ஒன்றுமாக இரண்டு இந்திய மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன.

இரண்டாவதற்கு முதலில் எண்ணப்பட்ட இடம் பம்பாய். ஆனால் 1960 மே முதல் நாள் குஜராத் தனி மாநிலமாயிற்று. அதன் முதல்வர் ஜீவராஜ் மேத்தா, ஆலை அதிபர் கஸ்தூரிபாய் லால்பாய், விக்ரம் சாராபாய் ஆகிய மூவரும் முயன்று பள்ளியைத் தம் நகருக்குக் கொண்டுவந்தனர். மத்திய அரசு, மாநில அரசு, தொழிலதிபர், அமெரிக்க ஃபோர்டு அறக்கட்டளை ஆகிய நான்கு தரப்பினரும் கைகொடுத்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. 1961 டிசம்பர் 11ஆம் நாள் கழகம் பதிவாயிற்று. சொந்தக் கட்டடம் இல்லாமல் ஷாஹிபாகில் ஒரு பங்களாவில் பணி தொடங்கிற்று. கட்டடம் பின்னால் வந்தது. லூயி கான் வரைந்த அந்தச் செங்கல் வளைவுகளைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அங்கே அவர்கள் கற்பித்த முறை. ஹார்வர்டிலிருந்து வந்த முறை அது. ஒரு தொழிற்சாலையில் உண்மையில் நேர்ந்த இக்கட்டை அப்படியே எழுதி மாணவர் கையில் கொடுப்பார்கள். முடிவு அதில் இராது. 'நீர் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்?' என்பதே கேள்வி. ஆசிரியர் விடை சொல்லமாட்டார். வகுப்பே வாதாடி வழி காணவேண்டும்.

இதனினும் சிறந்ததென நான் கருதுவது 1964இல் தொடங்கிய மூன்றடுக்குப் பயிற்சி. நிறுவனம் ஒன்றிலிருந்து நடுநிலை அலுவலர் முதலில் வந்து சில வாரங்கள் பயில்வார். பின்பு அவருக்கு மேலுள்ளவர் வருவார். இறுதியில் சில நாட்களுக்குத் தலைமை நிர்வாகியே வந்து அமர்வார். கீழே உள்ளவர் புதிதாகக் கற்றுத் திரும்பும்போது மேலே உள்ளவர் அதை முளையிலேயே கிள்ளிவிடக் கூடாதல்லவா? இதை எண்ணும்போது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. நான் தலைமையாசிரியரான புதிதில், பயிற்சி முகாமிலிருந்து ஓர் இளம் ஆசிரியை திரும்பி வந்து, பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுப் பாடம் நடத்த அனுமதி கேட்டார். "வரிசை கலைந்தால் ஒழுங்கு கலையும்" என்று மறுத்துவிட்டேன். அந்த முகாமுக்கு முதலில் என்னை அனுப்பியிருக்க வேண்டும்.

இளைஞருக்கான இரண்டாண்டுப் படிப்பும் 1964இலேயே தொடங்கியது. அதன் பட்டதாரிகள் பெற்ற சம்பளங்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் போதுமான அளவு எழுதியிருக்கின்றன. இத்தகைய கழகங்கள் இன்று நாட்டில் இருபதைக் கடந்துவிட்டன. நம் திருச்சிராப்பள்ளியிலும் 2011இல் ஒன்று வந்தது. ஆனால் நான் சொல்ல விரும்பும் வளர்ச்சி வேறு.

1965இல் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர் ரவி மத்தாய். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் கற்பித்துப் பின்னர் நாட்டின் நிதியமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் மகன். அப்போது அவருக்கு வயது 38. ஆசிரியர்களுக்குச் சுதந்தரம் தந்து கழகத்தை நிமிர்த்தியவர் என்று அவரைப் போற்றுவர். 1972இல் ஒருவரும் கேளாமலே இயக்குநர் பதவியிலிருந்து இறங்கி, அதே கழகத்தில் சாதாரணப் பேராசிரியராகப் பணியைத் தொடர்ந்தார். நாற்காலியை விட்டிறங்கிப் பழைய வகுப்பறைக்கே திரும்புவது எத்தனை கடினம் என்பதை என் போன்றோர் அறிவோம்.

பிறகு 1975இல் அவர் இராஜஸ்தானத்தில் ஆஜ்மீர் மாவட்டத்து ஜவாஜா என்னும் வறண்ட வட்டாரத்திற்குச் சென்றார். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தாரும் உடன் சென்றனர். பெருநிறுவன நிர்வாகிகளுக்குச் சொல்லிக்கொடுத்த கலை, முரட்டுத் துணி நெய்பவருக்கும் தோல் தைப்பவருக்கும் பயன்படுமா என்பதே அவருடைய ஆய்வு. வளமற்ற பகுதி என்று பிறர் சொன்ன இடத்தில், அங்குள்ள மக்களே வளம் என்று அவர் கொண்டார். புதிய வடிவங்களை நெய்யக் கற்பிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. நூல் வாங்குவது, அடக்க விலை போடுவது, வாங்குபவரோடு நேரே பேசுவது ஆகிய எல்லாவற்றையும் நெய்பவரே செய்யவேண்டும். வெளியார் மெல்ல விலகிக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம். விரைவில் முடிகிற வேலை அன்று அது. 1984இல் மத்தாய் காலமானார். அவ்வூரார் அமைத்துக்கொண்ட கைவினைஞர் கூட்டமைப்பு அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

ஜவாஜாவைப் பற்றிப் படித்தபின், பணியில் இருந்த நாளிலேயே என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். கணக்குப் பாடத்தில் புத்தகத்துக் கணக்கை விட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் ஒரு சேலை நெய்து முடிக்க ஆகும் செலவை எழுதி வாருங்கள்" என்றேன். காஞ்சிப் பட்டில் கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வை நெசவுக்குத் தறியில் இருவர் வேண்டும். மறுபக்கம் அமர்ந்து நாடா தள்ளுபவர் பெரும்பாலும் வீட்டுச் சிறுவராகவே அந்நாளில் இருந்தனர். நெசவாளர் மகன் ஒருவன் ஒழுங்காக எழுதி வந்திருந்தான். வணிகர் தரும் கூலி மேலே. அதன் கீழே பாவு இணைப்பவருக்குக் கொடுத்தது, தறிச் சாமான் தேய்மானம், விளக்குச் செலவு என்று வரிசையாகக் கழித்திருந்தான். 'கோர்வை ஆள் கூலி' என்ற வரிக்கு நேரே சுழியம் போட்டிருந்தான்.

"ஏன் தம்பி, கோர்வைக்கு ஆள் வைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அது நான்தாங்க ஐயா" என்றான்.

அந்தச் சுழியத்தை அடித்து, அங்கே என்ன தொகை எழுதலாம் என்று வகுப்பைக் கேட்டேன். மணி அடித்த பிறகும் அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.