சொல்லும் ஒரு மருந்தே: இமாம் பல்கீயின் நூலும் நம் பிள்ளைகளின் மனச்சோர்வும்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய பதினைந்து வயது மாணவன் ஒருவன் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். உறக்கம் கெட்டது, உணவில் நாட்டம் போயிற்று, மனனம் செய்த சூராக்களும் நழுவின. "ஈமான் பலவீனப்பட்டிருக்கிறது, திக்ரை அதிகப்படுத்து" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுடைய தாயார்தான் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றார். வாரந்தோறும் பேசிப் பேசியே, பல மாதங்களில் அவன் மீண்டான், அல்ஹம்துலில்லாஹ். திக்ரை ஏவியது பிழையன்று. அவன் சொல்ல வந்ததைக் கேளாமல் விட்டதே என் பிழை. அந்த வெட்கமே என்னை முன்னோரின் நூல்களிடம் அனுப்பியது.

அங்கே அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்களைக் கண்டேன். கி.பி. 850 அளவில் பல்க் நகருக்கு அருகே பிறந்து, பக்தாதில் கல்வி கற்று, 934இல் மறைந்தவர். புவியியலிலும் புகழ்பெற்றவர். அவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் முதற்பகுதி உடல் நலம் பற்றியது. இரண்டாம் பகுதி உள்ளத்தின் நலம் பற்றியது. மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனித்து உள்ளத்தின் நோய்களை விட்டுவிடுகிறார்கள் என்பதே அவருடைய குறை.

துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பு போன்ற காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் உள்ளத்தை அழுத்தும் துக்கம் மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். முன்னதற்கு இரு வழிகள் காட்டினார்: மனிதன் தனக்குள் வளர்த்துக்கொள்ளும் நல்லெண்ணங்கள், வெளியிலிருந்து இன்னொருவர் சொல்லும் ஆறுதலும் அறிவுரையும். வீட்டில் மருந்துகளை முன்கூட்டியே வைத்திருப்பதைப் போல, உள்ளம் நலமாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் தந்த உவமை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1960களில், அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக், தவறான எண்ணங்களை உரையாடலின் மூலம் ஆராய்ந்து திருத்தும் சிகிச்சையை வகுத்தார். பெக், பல்கீயின் நூலைப் பார்த்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. மனித உள்ளம் எக்காலத்திலும் ஒன்றே. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வுற்ற 12 முதல் 17 வயது வரையிலான 439 பேர் பங்கேற்றனர். பன்னிரண்டு வாரங்களின் முடிவில், மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 61. பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. உடலையும் உள்ளத்தையும் ஒருசேரக் கவனிக்கச் சொன்ன பல்கீயின் சொல்லை இது நினைவூட்டவில்லையா?

துக்கம் ஈமானின் குறை என்போர், மகனைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களை எண்ணிப் பார்க்கட்டும். அவர்கள் நபியல்லவா? இளைஞரோடு பேசும் முறையையும் நம் நாயகமே (ஸல்) காட்டித் தந்தார்கள். விபசாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த வாலிபனைச் சபையோர் அதட்டியபோது, அவனை அருகில் அமர்த்தி, கேள்வி கேட்டு, அவன் வாயாலேயே பதில் வரச் செய்து, அவன்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அதட்டலால் ஆகாதது அருகில் அமர்த்திப் பேசியதால் ஆயிற்று.

1284இல் கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனி இடம் இருந்தது. நம் ஏர்வாடியிலோ, 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். எந்த மரபை நாம் தொலைத்தோம் என்பதை இந்த இரண்டு ஆண்டுகளுமே சொல்லும்.

பெற்றோர்களே! இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால், "தொழுதாயா?" என்று கேட்கும் முன் "என்னம்மா, என்னத்தா, மனசுக்கு என்ன செய்யுது?" என்று கேளுங்கள். பதிலை இடைமறிக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை. துஆவும் செய்யுங்கள், மருத்துவமும் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நாம் கற்ற பாடம்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியையும், நமக்குக் கேட்கும் செவிகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.