கரகரப்பு ஒலியும் மலிவு விலைச் சிந்தசைசரும்

கரகரப்பு ஒலி (டிஸ்டார்ஷன்) என்பது ஓர் இசைக்கருவியின் மின்னலையை அதன் பெருக்கி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றும்போது பிறக்கும் முரட்டு ஒலியாகும். ராக் இசைக்குழுக்களில் இது கிதாருக்கு உரிய ஒலியாகவே அறியப்படுகிறது. எனினும் மின்னணு விசைப்பலகைக் கருவிகளிலும் இவ்வொலி நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. இந்தியாவில் மெல்லிசைக் குழுக்களும் திரையிசைக் கலைஞர்களும் சிந்தசைசரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றில் விலையும் சுங்கவரியும் பெரும் பங்கு வகித்தன. வயலின், புல்லாங்குழல் போன்ற ஒலிகளைப் போலி செய்வதற்கு மலிவுக் கருவிகள் போதவில்லை. கரகரப்பு ஒலிக்கு மட்டும் அவை விலை உயர்ந்த கருவிகளுக்குச் சமமாக நின்றன. சில வேளைகளில் முந்தியும் சென்றன.

ஒலி கரகரப்பது எப்படி

பெருக்கியின் எல்லையைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படுகிறது. அவ்வாறு வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. காதுக்கு அவை கரகரப்பாகவும் கனமாகவும் கேட்கின்றன. ஒரே சுரத்தை வாசித்தால் இம்மேற்சுரங்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக வேறு பல அதிர்வெண்கள் முளைக்கும். சட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து கரகரத்தாலும் தெளிவு கெடுவதில்லை. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். ராக் கிதார் கலைஞர்கள் ச-ப இரண்டை மட்டும் பிடித்து அடிப்பதற்குக் காரணம் இதுவே. கீபோர்டு வாசிப்பவருக்கும் இந்தக் கணக்கு மாறாது.

நம் செவிக்கு இவ்வொலி முற்றிலும் புதிதன்று. தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் இதற்கு நெருங்கிய வேலையைச் செய்கிறது. கம்பியின் தூய அதிர்வைத் தொட்டுத் தொட்டு உரசி, மேற்சுரங்களை எழுப்பி, ஒலியை ரீங்காரமாக்குகிறது. நூலை எடுத்துவிட்டால் தம்புரா சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் உயிர் இருக்காது. மகுடியின் ஒலியும் இந்த வகையைச் சேர்ந்தது.

மேற்கில் இவ்வொலி ஒரு பழுதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெற்றிபெற்ற ஒரு பாடலின் ஒலிப்பதிவில், கிராடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிதாரின் ஒலி பழுதான ஒரு மின்சுற்று வழியாகச் சென்று உறுமலாகப் பதிவானது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கும் சுற்று ஒன்றை உருவாக்கினார். அது 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற காலால் மிதிக்கும் பெடலாக விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைப் பயன்படுத்திய பிறகே பெடல்கள் பரவலாக விற்கத் தொடங்கின.

நாகினின் மகுடி

இந்தியத் திரையிசையில் மின்னணு விசைப்பலகையின் முரட்டு ஒலி அதற்கும் முன்பே புகழ்பெற்றுவிட்டது. 1954-ல் வெளிவந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்திற்கு ஹேமந்த் குமார் இசையமைத்தார். பாம்பாட்டியின் மகுடியாக அப்படத்தில் ஒலித்தது மகுடியே அன்று. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற கருவியில் அதை வாசித்தார்.

கிளாவியோலின் 1947-ல் பிரான்சு நாட்டில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் உருவாக்கியது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே வரும். பியானோவுக்குப் பக்கத்தில் பொருத்திக்கொண்டு வயலின், டிரம்பெட் போன்ற ஒலிகளை எழுப்ப வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அதன் மூல அலை மேற்சுரங்கள் நிறைந்த, வண்டு ரீங்கரிப்பது போன்ற அலை. வயலினாக அது தேறவில்லை, மகுடியாகத் தேறியது. அந்த மெட்டு இன்றும் இந்தியாவெங்கும் கல்யாண ஊர்வலப் பேண்டு செட்டுகளில் வாசிக்கப்படுகிறது. கேட்பவர்களில் பலர் அதை மகுடியின் பழைய மெட்டு என்றே நினைக்கின்றனர்.

எட்டாத விலை

1964-ல் ராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசர் அலமாரி அளவு பெரியது. அப்படி ஒன்று 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அங்கு தங்கி அதை நிறுவினார். சில ஆண்டுகள் அங்கே சோதனை இசைகள் பதிவாயின. 1972-க்குப் பிறகு அம்முயற்சி நின்றுபோனது. ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளியுலகுக்குத் தெரியவந்தன. இசைக்குழுக்களுக்கு அதனால் பயன் எதுவும் விளையவில்லை.

மேடைக்குத் தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் 1970-ல் வந்தது. அதன் விலை 1,495 டாலர். அன்றைய மதிப்பில் 11,000 ரூபாயைத் தாண்டும். இதன் மேல் சுங்கவரியும், இறக்குமதி உரிமம் பெறும் அலைச்சலும் இருந்தன. மும்பையில் கெர்சி லார்டு போன்ற ஒரு சிலர்தான் அதை வாங்க முடிந்தது. மினிமூக்கில் ஒரு சிறு தந்திரத்தைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். காதொலிப்பானுக்குச் செல்லும் ஒலியைக் கம்பி வழியாக அதே கருவியின் வெளி உள்ளீட்டுத் துளைக்குத் திருப்பினால் ஒலி தன்னையே மிதித்துக்கொண்டு கரகரக்கும். பெடல் இல்லாமலே முரட்டு ஒலி கிடைத்தது. இத்தந்திரம் பிற்காலத்தில் மலிவுக் கருவி ஒன்றில் தனிக் குமிழாகவே வைக்கப்பட்டது.

சரண்ஜித் சிங்கும் 395 டாலர் பெட்டியும்

மலிவுக் கருவிகளின் வரலாற்றில் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங்கின் (1940–2015) பெயர் தவிர்க்க முடியாதது. கிதாரும் விசைப்பலகையும் வாசித்துவந்த அவர், சிங்கப்பூருக்குச் சென்றபோது ரோலண்ட் நிறுவனத்தின் புதிய கருவிகளை வாங்கிவந்தார். அவற்றைக் கொண்டு 1982-ல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பத்து இந்துஸ்தானி ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். பைரவ் (நமது மாயாமாளவகௌளைக்கு நெருக்கமானது), பூபாளி (மோகனம்), மால்கௌன்ஸ் (இந்தோளம்) ஆகியவை அவற்றில் அடங்கும்.

அவர் பயன்படுத்திய கருவிகள் மூன்று. ராகத்தை வாசித்த ஜூபிடர்-8 சிந்தசைசரின் விலை 5,295 டாலர். தாளம் தந்த டிஆர்-808 பெட்டி 1,195 டாலர். கீழ்ச்சுருதியில் ஓடிய டிபி-303 என்ற சிறு பெட்டி 395 டாலர் மட்டுமே. ஒரு டாலர் சுமார் 9 ரூபாயாக இருந்த காலம் அது. ஜூபிடரின் விலை அரை லட்சத்தை நெருங்க, 303-இன் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் நின்றது.

டிபி-303-ஐ வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பாஸ் கிதார் போல ஒலிக்கும் என்று சொல்லித்தான் இது விற்கப்பட்டது. சிறிதும் அவ்வாறு ஒலிக்கவில்லை. சுரங்களை ஒரு தடவையும் அவற்றின் கால அளவை இன்னொரு தடவையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்பதால் பழகுவதும் கடினம். 1981 இறுதியில் வந்த கருவி 1984-ல் நிறுத்தப்பட்டது. தயாரானவை ஏறத்தாழ பத்தாயிரம்.

ஆனால் அதன் உள்ளமைப்பில் இரு குணங்கள் இருந்தன. ஒன்று, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி. கர்நாடக இசையில் ஜாரு என்று சொல்வதற்கு இது அருகில் வருகிறது. மற்றொன்று, ‘ரெசொனன்ஸ்’ குமிழைத் திருகினால் வடிகட்டி கீச்சிடும் தன்மை. சரண்ஜித் இவ்விரண்டையும் ராகத்தின் வளைவுக்குப் பயன்படுத்தினார். தட்டில் 303 பெரும்பாலும் சுத்தமாகவே ஒலிக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். பெடல் வழியாகக் கரகரக்கச் செய்தவர்கள் பின்னால் வந்தவர்கள். தட்டு விற்கவில்லை. சரண்ஜித் மீண்டும் தம் வழக்கமான கச்சேரிகளுக்குத் திரும்பினார்.

1987-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்ற இளைஞர் குழு, பழைய விலைக்குக் கிடைத்த ஒரு 303-இன் குமிழ்களை ஓடும்போதே திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பதிவை வெளியிட்டது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை வகை அதிலிருந்து பிறந்தது. அடுத்து வந்தவர்கள் 303-ஐக் கிதார் பெடலில் செருகி உறுமவைத்தனர். யாரும் வாங்காத பெட்டியின் விலை பின்பு அதன் முதல் விலையைப் போலப் பல மடங்கானது. சரண்ஜித்தின் தட்டு 2010-ல் மறுபடி வெளியானபோது, சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே கருவிகளின் கூட்டொலி மும்பையில் பதிவாகியிருந்தது கண்டு மேல்நாட்டார் வியந்தனர். ஒருவரை மற்றவர் கேட்டதில்லை. ஒரே மலிவுப் பெட்டி இரு இடங்களிலும் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது.

கேசியோ வந்த வழி

தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் குழுவில் விஜி மானுவல் வாசித்த கீபோர்டு ஒலிகளும், 1986-ல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் ஒலித்த கணினி இசையும் ரசிகர்களுக்குப் புதிய கருவிகளை அறிமுகம் செய்தன. ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976-ல் மறைந்தபின், அவர் வைத்திருந்த கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் நடந்தது என்பது பலரும் அறிந்தது. கோடம்பாக்கத்திலேயே கருவி என்பது வாங்குவதற்கன்றி வாடகைக்கு எடுப்பதற்குரியதாக இருந்த காலம்.

சிற்றூர் மெல்லிசைக் குழுக்களுக்கு வழி திறந்தது கேசியோ. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் மேடை இசை நிகழ்ச்சி உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதியாதலால் ‘கானமேளா’ என்ற பெயரே இங்கு வழங்குகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் கொண்டுவரும் பொருள்களில் கேசியோவும் ஒன்றாக இருந்தது. எந்த நிறுவனத்தின் கீபோர்டானாலும் ‘கேசியோ’ என்றே சொல்லும் பழக்கம் இன்றும் பழையவர்களிடம் உள்ளது.

1980-களின் நடுவில் வந்த கேசியோ சிஇசட்-101, 499 டாலர் விலையில் உண்மையான சிந்தசைசராக விளங்கியது. யமஹாவின் டிஎக்ஸ்-7 (1983) அதைப் போல நான்கு மடங்கு விலை. சிஇசட்-101 பேட்டரியிலும் இயங்கும், விசைகள் மட்டும் சிறியவை. அதன் தொழில்நுட்பத்திற்கு ‘ஃபேஸ் டிஸ்டார்ஷன்’ என்று பெயர். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்: அலையை வளைத்துப் பலவகை ஒலிகளை உண்டாக்கும் முறைக்கு இட்ட பெயர் அது, பெடலின் கரகரப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. வளைகுடாவிலிருந்து பெரும்பாலும் வந்தவை இதனினும் எளிய, ஒலிபெருக்கி உடனமைந்த வீட்டுக் கீபோர்டுகள். அவற்றின் வயலின் ஒலி மேடையில் பரிதாபமாக இருக்கும். ஆர்கன் ஒலி மட்டும் கேட்கும்படி இருக்கும்.

தேர்வும் பயன்பாடும்

அந்த ஆர்கன் ஒலியே கரகரப்புக்கு ஏற்ற மூலப்பொருள். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டு, ஹேமண்ட் ஆர்கனைக் கிதாருக்கான மார்ஷல் பெருக்கியில் இணைத்து எழுப்பிய உறுமல் புகழ்பெற்றது. வீட்டுக் கீபோர்டின் வெளியீட்டைக் கிதார் பெடல் ஒன்றின் வழியே செலுத்தினால் அந்த வகை ஒலிக்கு நெருங்கலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒலி அளவு. கீபோர்டிலிருந்து வரும் மின்னலை கிதாரினுடையதைவிட வலுவானது. முழு ஒலியில் பெடலுக்குள் அனுப்பினால் வெறும் இரைச்சலே மிஞ்சும். கீபோர்டின் ஒலியைக் காற்பங்குக்குக் குறைத்து, பெடலில் ஏற்றுவதே முறை.

புதிதாக வாங்குபவர் கருவியில் எத்தனை நூறு ஒலிகள் உள்ளன என்று பார்த்துத்தான் பொதுவாக ஏமாறுகிறார். கரகரப்பு ஒலிக்கு ரம்பப்பல் அலையோ சதுர அலையோ தரும் ஒரே ஓர் அலையாக்கியும், கீச்சிடக்கூடிய வடிகட்டியும் போதும். 2013-ல் வந்த ஆர்ட்டூரியா மைக்ரோபுரூட் இவ்வகையைச் சேர்ந்தது. மினிமூக்கின் பழைய கம்பித் தந்திரம் இதில் ‘புரூட் ஃபேக்டர்’ என்ற குமிழாக அமைந்துள்ளது. அதே ஆண்டு வந்த கோர்க் வோல்கா பேஸ் இன்னும் சிறியது, இன்னும் மலிவு. கோர்க் மோனோலாக் (2017) கருவியில் ‘டிரைவ்’ குமிழ் உண்டு. 2019-ல் பெரிங்கர் நிறுவனம் 303-ஐப் பார்த்துச் செய்த டிடி-3 பெட்டியில் கரகரப்புச் சுற்றே உள்ளமைந்திருக்கிறது. விலை, 1981-ல் 303 விற்ற விலையில் பாதிக்கும் குறைவு. இவற்றில் மோனோலாக், மைக்ரோபுரூட் இரண்டுக்கு மட்டுமே மேடையில் வாசிக்கத்தக்க விசைகள் உண்டு. மற்றவை சுரங்களை முன்பே பதிந்து ஓடவிடும் பெட்டிகள். குழுவில் டிரம்ஸ் கலைஞர் பெட்டியின் தாளத்தோடு இசைந்து வாசிக்கப் பழகியிராவிட்டால் அவற்றால் தொல்லையே மிகும்.

நான்கு கருவிகளுள் மைக்ரோபுரூட்டே சிறு குழுவுக்கு ஏற்றது எனலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வருவது குறையாகத் தோன்றும். மேலே சொன்ன காந்தாரக் கலக்கத்திலிருந்து அதுவே காக்கிறது. வீட்டுக் கீபோர்டு ஏற்கனவே இருந்தால் ஒரு பழைய பெடலோடு நிறுத்திக்கொள்வது அதைவிடச் சிக்கனம்.

திருவிழா மேடைகளில் இன்னொரு சிக்கல் எழும். ஜெனரேட்டர் மின்சாரத்தில் எர்த் சரியாக இல்லாத இடத்தில் கம்பிகளில் மெல்லிய ‘ம்’ என்ற இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக அது கேட்காது. கரகரப்புச் சுற்று எல்லாச் சிற்றொலியையும் சேர்த்துப் பெரிதாக்குவதால், பாட்டு நிற்கும் இடங்களில் அந்த இரைச்சல் மேலெழும். மைக் செட்டுக்காரரிடம் சொல்லி எர்த் கம்பியை முன்கூட்டியே சரிபார்க்கச் செய்வதும், பாட்டு இல்லாத இடங்களில் பெடலைக் காலால் அணைத்துவைப்பதும் இதற்கான வழிகள்.