ஒட்டுக்கேட்டுப் படித்த பாஷை: சம்பாவின் கதை

கம்பளை டவுனில் சிங்களத்தை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்த தமிழ் ஆட்கள் குறைவு. தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்தவர்கள், கடையில் வேலைக்கு நின்ற பொடியன்கள், கண்டி பஸ்ஸில் தினமும் போய் வந்தவர்கள் எல்லாரும் காதால்தான் படித்தார்கள். யார் என்ன கேட்டால் கடைக்காரர் எதை எடுத்து வைக்கிறார் என்று பார்ப்பது, அடுத்த நாள் அதே சொல்லைச் சொல்லிப் பார்ப்பது, பிழைத்தால் திருத்திக்கொள்வது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

கணினி வரலாற்றிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1991 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஒரு பல்கலைக்கழக மாணவர், இரண்டு கணினிகள் தமக்குள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டு அந்தப் பாஷையைப் படித்தார். அதிலிருந்து பிறந்த மென்பொருளின் பெயர் சம்பா. அரிசி இல்லை. பெயருக்குப் பிறகு வருவோம்.

முதலில் அன்றைய நிலைமை. எண்பதுகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வகைக் கணினிகள் இருந்தன. ஒரு பக்கம் யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் விலை கூடிய இயந்திரங்கள். நிறைய டிஸ்க் இடமும் நல்ல பிரிண்டரும் அவற்றிடம்தான். மறுபக்கம் மேசைக்கு மேசை வந்து இறங்கிய பீசிகள். விலை குறைவு, இடமும் குறைவு. வயர் இல்லாத இடத்தில் ஒரு கட்டுரையை அச்செடுக்க ஃப்ளொப்பியில் போட்டுக்கொண்டு பிரிண்டர் இருக்கும் மேசைக்கு நடக்க வேண்டியதுதான்.

இரண்டையும் வயரால் இணைப்பது பெரிய காரியமில்லை. பேச வைப்பதுதான் பிரச்சினை. கோப்புகளைப் பகிர யுனிக்ஸ் பக்கம் 1984இல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற நெறிமுறை இருந்தது. அதாவது, கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பு. சன் அந்த விதிகளை வெளியிட்டதால் மற்றவர்களும் அதைப் பேசக் கற்றார்கள். பீசி பக்கம் வேறு பாஷை: ஐபிஎம் பொறியியலாளர் பெரி ஃபைகன்பாம் எண்பதுகளின் தொடக்கத்தில் உருவாக்கி, பிறகு மைக்ரோசொஃப்ட் வளர்த்தெடுத்த எஸ்எம்பி. இரண்டையும் சேர்க்க அன்று இருந்த ஒரு வழி, பீசி-என்எஃப்எஸ் போன்ற மென்பொருளை ஒவ்வொரு பீசியிலும் போடுவது. பத்து பீசி இருந்தால் பத்திலும் போட வேண்டும். சின்னவன்தான் பெரியவனுடைய பாஷையைப் படிக்க வேண்டும் என்பது அதில் எழுதாத விதி.

இப்போது கன்பராவுக்குப் போவோம். அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ ட்ரிஜெல் என்பவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பீசி, பீசி-என்எஃப்எஸ் மூலம் சன் இயந்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. அது டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வேர்க்ஸ் வலையமைப்பில் மட்டுமே ஓடும். பாத்வேர்க்ஸைப் போட்டால் பீசி-என்எஃப்எஸ்ஸை விட வேண்டும், சன் இயந்திரங்களில் உள்ள கோப்புகளை எடுக்க முடியாது.

பாத்வேர்க்ஸ் பேசும் பாஷை அவ்வளவு கஷ்டமாக இருக்காது, கண்டுபிடித்துப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு முன்பு அவர் வலையமைப்பு மென்பொருள் ஒன்றுகூட எழுதியதில்லை. பீசிக்கும் டிஜிட்டலின் சர்வருக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிற ஒரு சின்ன நிரலை எழுதினார். தள்ளும்போதே பார்த்தும் கொள்ளலாம். பீசி என்ன கேட்கிறது, சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பைட் பைட்டாகப் பார்த்தார். பிறகு அதே பதில்களைத் தானே சொல்கிற ஒரு சர்வரை எழுதினார். 1992 ஜனவரி முதல் பாதிக்குள் மூன்று பதிப்புகள் வெளிவந்துவிட்டன. சர்வர் மாறிவிட்டது என்பது பீசிக்குத் தெரியவே இல்லை.

அதோடு அவர் தன் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அது அப்படியே கிடந்தது. பிறகு வீட்டில் மனைவியின் பீசியைத் தன் லினக்ஸ் இயந்திரத்தோடு இணைக்கப் பார்த்தபோது பழைய நிரலை எடுத்து ஓட்டினார். வேலை செய்தது! பாத்வேர்க்ஸ் பேசியதும் மைக்ரோசொஃப்ட் உலகம் முழுக்கப் பேசியதும் ஒரே எஸ்எம்பிதான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. 1993 டிசம்பரில் இணையத்தில் அறிவித்தார். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

பெயர்க் கதை இதுதான். வைத்திருந்த பெயருக்கு ஒரு நிறுவனம் வணிகக்குறி உரிமை கோரியது. 1994இல் ட்ரிஜெல் யுனிக்ஸிலேயே இருந்த அகராதிக் கோப்பில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். வந்த பட்டியலில் பிரேசில் நடனத்தின் பெயரும் இருந்தது. அப்படித்தான் சம்பா.

சம்பா செய்கிற வேலையைப் பாருங்கள். விண்டோஸில் நீங்கள் பிரிண்ட் கொடுக்கிறீர்கள். உங்கள் கணினி அந்தப் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. சம்பா அதை வாங்கி ஒரு தற்காலிகக் கோப்பாக வைத்து, யுனிக்ஸின் அச்சு வரிசையில் சேர்த்துவிடுகிறது. மிச்சத்தை யுனிக்ஸ் பார்த்துக்கொள்ளும். கோப்புகளில்தான் சிக்கல் கூட. யுனிக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, டொஸுக்கு இரண்டும் ஒன்று. யுனிக்ஸில் நீளமான பெயர் வைக்கலாம், டொஸில் எட்டு எழுத்தும் ஒரு மூன்றெழுத்து வாலும்தான். யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிகளும் இரண்டிலும் ஒன்றல்ல. சம்பா இதையெல்லாம் இடையில் நின்று மொழிபெயர்த்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சம்பா பீசியில் எதையும் போடச் சொல்லவில்லை. பத்து பீசிகள் இருந்தாலும் மாற வேண்டியது ஒரு சர்வர் மட்டும். எழுதாத விதி தலைகீழானது. பெரியவன் சின்னவனுடைய பாஷையைப் படித்தான். அதுவும் இலவசமாக, மூலநிரல் திறந்து. லினக்ஸ் போட்ட ஒரு பழைய பீசியையே சர்வராக வைத்து, ஒரே பிரிண்டரை எல்லாருக்கும் பங்கு வைக்கலாம் என்றானது. லைசன்ஸ் வாங்கக் காசில்லாத இடங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

நமக்கு நேரடியாகப் பட்ட மாற்றமும் உண்டு. பழைய சம்பா கோப்புப் பெயர்களை டொஸ் காலத்து எழுத்து அட்டவணைகளை வைத்துத்தான் அனுப்பியது. அந்த அட்டவணைகளில் தமிழ் இல்லை. 2003 செப்டம்பரில் வந்த சம்பா 3.0 யூனிகோடில் பேசத் தொடங்கியது. அதன் பிறகுதான் ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்துச் சம்பா சர்வரில் போட்டுவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அதே பெயரில் திறக்க வழி வந்தது.

ஆனால் ஒட்டுக்கேட்டுப் படிப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. ட்ரிஜெல்லே இதற்கு ஓர் உவமை சொன்னார்: பிரெஞ்சு தெரியாமல் பிரான்ஸில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓடர் கொடுப்பதைக் கேட்டுப் பாஷை படிப்பது போல. தேத்தண்ணி, பாண் எல்லாம் கேட்கப் பழகிவிடலாம். யாரும் கேட்காத ஒன்றின் பெயர் மட்டும் கடைசி வரை தெரியாது. அதனால் சம்பா குழு வேறு முறைகளுக்கும் போனது. ஒரே கேள்வியை விண்டோஸ் சர்வரிடமும் சம்பாவிடமும் கேட்டு, பதில்கள் வேறுபடும் இடத்தைப் பிடித்துத் திருத்தினார்கள். விண்டோஸின் ஒவ்வொரு புதுப் பதிப்போடும் பாஷை மாறும். இவர்கள் மறுபடி முதலில் இருந்து காது கொடுக்க வேண்டும்.

இதற்குள் பெரியவனும் சின்னவனும் இடம் மாறிவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் மேசைக் கணினி உலகமே மைக்ரோசொஃப்ட் கையில். விண்டோஸோடு சரியாகப் பேசத் தேவையான விவரங்களைச் சன் நிறுவனம் கேட்டு, கிடைக்காமல், 1998 டிசம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2004 மார்ச்சில் ஆணைக்குழு மைக்ரோசொஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டு, அந்த விவரங்களைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. மேன்முறையீட்டில் சம்பா குழுவினரும் ஆணைக்குழுவின் பக்கம் நின்று விளக்கம் கொடுத்தார்கள். 2007 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த டிசம்பரில், ஒரே தடவை 10,000 யூரோ கட்டி ஆவணங்களைப் பெறும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பதினாறு வருடம் காதால் படித்த பாஷைக்கு அப்போதுதான் இலக்கணப் புத்தகம் கைக்கு வந்தது. விண்டோஸ் வலையமைப்பின் தலைமைச் சர்வராகவே நிற்கக்கூடிய சம்பா 4.0, 2012 டிசம்பரில் வெளிவந்தது.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸ் பேசிய எஸ்எம்பியின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே மாதம் சம்பாவிலும் 2010இலிருந்து இருந்த ஓர் ஓட்டை வெளிப்பட்டு அடைக்கப்பட்டது. பாஷை பொதுவானால் அதன் பழுதும் பொதுவாகிறது. திறந்த மூலநிரல் என்பதற்காக யாரும் காவலுக்கு நிற்காமல் விட முடியாது.

இந்த வரலாற்றை ஒரு மாணவனின் கெட்டித்தனத்தைப் பற்றிய கதையாக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம். ஒட்டுக்கேட்டுப் படிப்பது திறமை. ஆனால் ஒருவர் எப்போதும் ஒட்டுக்கேட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்பது அநியாயம். காதால் படித்த சிங்களம் நம்ம ஆட்களுக்குக் கடையில் போதும். அரசாங்கக் கந்தோரில் ஒரு படிவத்தை நிரப்பப் போதாது. அந்தப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்று ஆன நாட்டில், தமிழும் அரசகரும மொழி என்று எழுத 1987 வரை, 13ஆவது திருத்தம் வரை போனது. எழுதியது நடைமுறைக்கு வருவது இன்னொரு போராட்டம்.

கன்பராவில் ஒரு மாணவர் விதியைத் தானே கண்டுபிடித்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒரு நீதிமன்றம், விதியைச் சொல்லிக் கொடுப்பது பெரியவனின் கடமை என்றது. இரண்டும் வேண்டியிருந்தது. முதலாவதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவதை விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.