கணக்குக் கேட்கும் உரிமை யாருடையது?

கிராம சபை என்றதும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு (கி.பி. 921), வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வர முடியாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் குடவோலையில் பெயர் எழுத, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர்களின் சபை. வயலில் உழைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கதவைத் திறந்தது 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம். அதையொட்டிய 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். நிலமோ சாதியோ கேட்பதில்லை. தலைவர் பதவியிலும் நமக்கு இடஒதுக்கீடு வந்தது.

அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் ஆதிக்கச் சாதியினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

மேலவளவோ, நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரம் ஒன்றியமோ, சட்டம் ஒன்றுதான். அடுத்த கிராம சபைக்குக் கூட்டமாகப் போவோம். காலனிக் குடிநீருக்கு எவ்வளவு செலவானது? தெருவிளக்குக்கு? சுடுகாட்டுப் பாதைக்கு? வரவு செலவைப் படித்துக் காட்டச் சொல்வோம். கேள்விகளை மனுவாக எழுதிக் கொடுப்போம். அவை தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுவோம். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் போட மாட்டோம்.